மந்தன் நடந்த வழி

சூரியனை ஒருமுறை சுற்றிவர சனிக்கு ஏறத்தாழ இருபத்தொன்பதரை ஆண்டு ஆகிறது. வெறுங்கண்ணுக்குத் தெரியும் கோள்களில் இவ்வளவு மெதுவாக நகர்வது வேறில்லை. இந்தக் காலத்தைப் பன்னிரண்டு ராசிக்கும் பங்கு போட்டால் ராசிக்குச் சுமார் இரண்டரை ஆண்டு. அடுத்தடுத்த மூன்று ராசிக்கு ஏழரை. தமிழ் வீடுகளில் பெருமூச்சோடு சொல்லப்படும் 'ஏழரை' பிறந்தது இந்தச் சின்னக் கணக்கில்தான். கணக்கு சிறிதானாலும், அது நம் வாசலுக்கு வந்து சேர இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் நடந்திருக்கிறது.

சனியின் நடையை விடாமல் எழுதிவைத்த பழைய ஊர் பாபிலோன். கி.மு. 7-ஆம் நூற்றாண்டிலிருந்து அங்கே வானத்தைப் பார்த்துக் களிமண் பலகைகளில் குறிப்பெடுத்திருக்கிறார்கள். எந்தக் கோள் எந்த விண்மீனருகே நின்றது, அந்த மாதம் பார்லி என்ன விலை, ஆற்றில் தண்ணீர் எவ்வளவு என்று எல்லாம் ஒரே பலகையில் இருக்கும். 59 ஆண்டுக்கு ஒருமுறை சனியின் போக்கு ஏறக்குறைய அப்படியே திரும்ப வருகிறது என்பதை அவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். இரண்டு முழுச் சுற்றுக்கு ஆகும் காலம் அது. ஆனால் அன்றைய சனிக்குத் தனிமனிதர்களோடு பேச்சே இல்லை. அது அரசனோடு பேசியது. விளைச்சல், போர், வெள்ளம் பற்றிப் பேசியது. ஒரு குழந்தை பிறந்த நேரத்தின் கோள்நிலையைக் குறிக்கும் பலகைகள் பின்னால்தான் வருகின்றன. கிடைத்தவற்றுள் பழையது கி.மு. 410-ஐச் சேர்ந்தது. அரசவையில் இருந்த சனி குடிமகன் வீட்டுத் தொட்டிலருகே வந்து நின்ற கட்டம் அது. பயணத்தின் பெரிய திருப்பமும் அதுவே.

அடுத்து அது தங்கியது கிரேக்க மொழி பேசிய எகிப்தில். அலெக்சாந்திரியாவில் கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் எழுதிய தாலமி, சனிக்கு ஒரு குணத்தையும் அதற்கான காரணத்தையும் கொடுத்தார். சூரியனின் வெப்பத்திலிருந்து வெகுதூரம் விலகி இருப்பதால் அது குளிர்ச்சியும் வறட்சியும் தரும், அதனால் பாவக்கோள் என்பது அவர் வாதம். கிழமை முறையும் இந்தக் கிரேக்க, ரோமானிய உலகில்தான் உருவானது. தொலைவில் இருப்பதிலிருந்து அருகில் இருப்பதுவரை சனி, குரு, செவ்வாய், சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன் என்று வரிசை வைத்து, மணிக்கு ஒரு கோளைத் தலைவனாக்கினார்கள். முதல் மணிக்குச் சனி தலைவனானால் அந்த நாள் சனிக்கிழமை. இருபத்தைந்தாம் மணிக்கு எண்ணிப் பார்த்தால் சூரியன் வரும், விடிந்தால் ஞாயிறு. இன்று நம் பஞ்சாங்கத்தில் சனிக்கிழமை சூரிய உதயத்துக்குச் 'சனி ஓரை' என்று போட்டிருப்பது அதே கணக்கின்படிதான்.

இந்தியாவில் அதற்கு முன்பே நட்சத்திரங்களைக் கொண்டு காலம் பார்க்கும் வழக்கம் வேரூன்றியிருந்தது. வேள்விக்கு நாள் குறிக்கும் வேதாங்க ஜோதிஷத்தின் கணக்கெல்லாம் சூரியனையும் சந்திரனையும் சுற்றியே இருக்கும். சனிக்கு அங்கே இடமில்லை. மகாபாரதத்தில் போருக்கு முந்தைய தீக்குறிகளுள் ஒன்றாக, ரோகிணியை வருத்தும் சனி வருகிறது. அங்கும் அது நாட்டுக்கான எச்சரிக்கைதான். ராசியும் லக்னமும் பாவமும் சேர்ந்த ஜாதகக் கலை, கி.பி.யின் முதல் சில நூற்றாண்டுகளில் கிரேக்கர்களோடு ஏற்பட்ட பழக்கத்தால் இங்கே நுழைந்தது. 'யவன ஜாதகம்' என்ற நூலின் பெயரே அதற்குச் சாட்சி. கிழமையும் பின்தொடர்ந்தது. மத்தியப் பிரதேசத்தின் ஏரணில் புதகுப்தன் காலத்தில் நட்ட தூணின் கல்வெட்டு, கி.பி. 484-இல் ஒரு வியாழக்கிழமையைக் குறிக்கிறது. இந்தியக் கல்வெட்டுகளில் கிழமை வருவதற்கு மிகப் பழைய சான்றுகளுள் அது ஒன்று.

வந்த விருந்தாளியை இந்தியர்கள் முதலில் அளந்தார்கள். 499-ஐத் தன் நூலில் குறிக்கும் ஆரியபடர், 43,20,000 ஆண்டு கொண்ட ஒரு யுகத்தில் சனி 1,46,564 முறை சுற்றும் என்றார். வகுத்துப் பார்த்தால் ஒரு சுற்றுக்கு 29.475 ஆண்டு. இன்றைய கணக்கு 29.46-ஐ ஒட்டி வருகிறது. அடுத்த நூற்றாண்டில் வராகமிகிரர் இரண்டு பெரிய நூல்களை எழுதினார். 'பிருகத் சம்ஹிதை'யில் சனியின் சஞ்சாரம் எந்தெந்த நாட்டாருக்குக் கேடு செய்யும் என்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. 'பிருகத் ஜாதக'த்தில் அதே சனி தனிமனிதனின் ஆயுளுக்கும் தொழிலுக்கும் கணக்குச் சொல்கிறது. பாபிலோனில் நூற்றாண்டுகளாக நடந்த மாற்றத்தின் இரண்டு முனைகளும் ஒருவர் கையெழுத்தில் சந்தித்தன.

சனி கொண்டுவந்ததும் உண்டு, இங்கே பெற்றதும் உண்டு. துலாத்தில் உச்சம், மேஷத்தில் நீசம், மகரமும் கும்பமும் சொந்த வீடு என்பதெல்லாம் கிரேக்க நூல்களிலும் அப்படியே இருக்கின்றன. இங்கே கிடைத்தது நட்சத்திரத்தை அடிப்படையாகக் கொண்ட தசை. 120 ஆண்டு கொண்ட விம்சோத்தரி தசை முறையில் சனிக்கு 19 ஆண்டு. பூசம், அனுஷம், உத்திரட்டாதியில் பிறந்தவருக்கு வாழ்க்கை சனி தசையில்தான் தொடங்கும். ஜென்ம ராசியிலிருந்து எண்ணிக் கோசாரம் பார்க்கும் வழக்கமும் இந்த மண்ணில் தழைத்தது. குடும்பமும் அமைந்தது: அப்பா சூரியன், அம்மா சாயை, அண்ணன் யமன்.

தமிழில் சனியை முதலில் சந்திப்பது புறநானூற்றில். பாரியின் பறம்பு நாட்டைப் பாடும் கபிலர், வானத்துத் தீக்குறிகளுள் ஒன்றாக 'மைம்மீன்' புகைவதைச் சொல்கிறார். பழைய உரை அதைச் சனி என்கிறது. அங்கே சனிக்கு எதிரே நிற்பது மன்னனின் நல்லாட்சி. வானம் என்ன காட்டினாலும் பறம்பில் வயல் விளையும் என்பது பாட்டின் பெருமிதம். 7-ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறிவிட்டது. மதுரைக்குப் புறப்பட்ட சம்பந்தரிடம், கோள்நிலை சரியில்லை என்று அப்பர் கவலைப்பட்டதாகவும், அதற்கு விடையாகத் திருமறைக்காட்டில் கோளறு பதிகம் பிறந்ததாகவும் மரபு சொல்கிறது. கோள் இப்போது பயணம் போகிற ஒருவரைத் தடுக்கக்கூடியது. தடுக்காது என்று சொல்ல ஒரு பதிகமே தேவைப்பட்டது.

தேவார மூவரும் பாடிய தலம்தான் காரைக்காலை அடுத்த திருநள்ளாறு. அவர்கள் பாடியது தர்ப்பாரண்யேசுவரராக வீற்றிருக்கும் சிவனை. இன்று பேருந்து பேருந்தாக வருகிற கூட்டம் தேடுவதோ சனீஸ்வரன் சந்நிதியை. நளன் இங்குள்ள குளத்தில் குளித்துத்தான் சனியிடமிருந்து விடுபட்டான் என்பது தலபுராணம். மகாபாரதத்தில் நளனைப் பிடித்தது சனியல்ல, கலி. புகழேந்தியின் நளவெண்பாவிலும் கலிதான். அதன் காண்டங்களுள் இரண்டுக்கே 'கலிதொடர்', 'கலிநீங்கு' என்று பெயர். யுகத்தின் தீமையாக வந்த கலியின் இடத்தில் தலபுராணம் சனியை வைத்தது. கலியிடம் மனுப்போட முடியாது. சனியிடம் முடியும், எள் தீபம் ஏற்றலாம், காக்கைக்குச் சோறு வைக்கலாம், நளதீர்த்தத்தில் எண்ணெய் தேய்த்து முழுகலாம்.

பயத்தை வகைப்படுத்துவதிலும் நம்மவர்கள் தேர்ந்தவர்கள். ஜென்ம ராசிக்குப் பன்னிரண்டில் வந்தால் விரயச் சனி, ராசியிலேயே நின்றால் ஜென்மச் சனி, இரண்டில் பாதச் சனி. நான்கில் அர்த்தாஷ்டமம், ஏழில் கண்டகம், எட்டில் அஷ்டமம். ஏழரையும் ஒரே மாதிரியல்ல. முதல் சுற்று மங்கு சனி, இரண்டாவது பொங்கு சனி, மூன்றாவது மரணச் சனி. முப்பது ஆண்டுக்கு ஒருமுறை என்றால் மனித ஆயுளில் பெரும்பாலும் மூன்று சுற்றுக்குத்தான் இடம். சந்திரன் ஒரு மாதத்தில் ராசி மண்டலத்தை முடித்துவிடுகிறது, சூரியன் ஒரு வருடத்தில். படிப்பு, குடும்பம், முதுமை என்று வாழ்க்கை மாறுகிற வேகத்தோடு ஒத்து நடப்பது சனி ஒன்றுதான். ஜோதிடத்தில் அதற்குக் கிடைத்த அதிகாரத்தின் வேர் இந்த மந்த நடையில் இருக்கிறது.

நடையைக் கணிப்பதில்தான் இப்போது தகராறு. திருநள்ளாறு பின்பற்றுவது வாக்கியப் பஞ்சாங்கம், அதாவது மனப்பாடமாகக் காக்கப்பட்ட பழைய வாய்பாடுகள். 1825-இல் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிதர், தரையில் சோழிகளை அடுக்கி, நினைவிலிருந்தே சந்திர கிரகணத்தைக் கணித்ததை ஜான் வாரன் என்ற ஐரோப்பியர் பதிவு செய்தார். அந்த முறையில் 248 நாளுக்குச் சந்திரனின் வேகம் கூடிக் குறையும் சுற்று ஒன்பது என்ற உறவு இருக்கிறது. பாபிலோனியக் கணிதத்திலும் அதே எண் உண்டு. திருக்கணிதமோ இன்றைய வானியல் அளவுகளைக் கொண்டு திருத்தப்பட்டது. அதன்படி 2023 ஜனவரி 17-இல் சனி கும்பத்துக்குப் போனது. திருநள்ளாற்றில் அதே பெயர்ச்சி நடந்தது 2023 டிசம்பர் 20-இல். இடைவெளி பதினொரு மாதம்.

தொலைநோக்கி சனிக்கு வளையத்தைக் கொடுத்தது. காசினி விண்கலம் பதின்மூன்று ஆண்டு அதைச் சுற்றிவிட்டு 2017 செப்டம்பர் 15-இல் அதன் காற்றுமண்டலத்துக்குள் விழுந்து முடிந்தது. நம் வாட்ஸ்அப் குழுக்களுக்கோ, திருநள்ளாற்றுக்கு மேலே வரும் செயற்கைக்கோள்கள் மூன்று நொடி நின்றுபோகின்றன என்ற செய்தி கிடைத்தது. தாழ்வான சுற்றுப்பாதையில் செயற்கைக்கோள் நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் பாய்கிறது, நின்றால் விழுந்துவிடும். செய்தி பொய். ஆனால் நம்பிக்கை இப்போது அறிவியலின் முத்திரையைத் தேடுகிறது என்பது மட்டும் அதிலிருந்து தெரிகிறது.

143 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் சூரியனைச் சுற்றும் வாயுக்கோளம் ஒருவரின் வேலையையோ திருமணத்தையோ தடுப்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. ஆனாலும் ஒருவர் ஏழரை என்று சொல்லும்போது, தன் துன்பத்துக்கு ஒரு முடிவுத் தேதி இருக்கிறது என்று சேர்த்தே சொல்கிறார். கடனுக்கும் நோய்க்கும் யாரும் எழுதித் தராத தேதி அது. இரண்டு பஞ்சாங்கம் இருப்பதிலும் ஒரு வசதி உண்டு: 2023-இல் ஏழரை முடிகிறவர் திருக்கணிதத்தையும், தொடங்குகிறவர் வாக்கியத்தையும் நம்பியிருந்தால் இருவருக்கும் பதினொரு மாதம் லாபம்.