பிரயாகைக் கல்லும் கங்கை நீராடிய கல்லும்

தீர்த்தராஜன் என வடநாட்டார் போற்றும் பிரயாகை, கங்கையும் யமுனையும் கூடும் துறையில் அமைந்த பழம்பதியாகும். சரசுவதியும் கட்புலனாகாது அந்தர்வாகினியாய் அவ்விடத்து வந்து கலக்கின்றாள் என்பது ஆன்றோர் கொள்கையாதலின், அது திரிவேணி சங்கமம் எனப் பெயர் பெற்றது. படகேறிச் சங்கமத்துக்குச் செல்வோர் முதலிற் காண்பது இரு நீரின் நிற வேறுபாட்டையே. கங்கை வெண்மண் கலங்கி ஆழங் குறைந்து வர, யமுனை பசுமை தோய்ந்த கருமையுடன் அமைதியாக வரும். இராமேசுவரத்துச் சேது மணலைத் திரிவேணியிற் கரைத்து, அங்கிருந்து கங்கை நீரைக் கொணர்ந்து இராமநாதருக்கு அபிடேகஞ் செய்தல் நம் முன்னோர் கைக்கொண்ட யாத்திரை முறையாகும். இன்றும் அம்முறையைப் பேணுவோர் உளர்.

அக்பர் 1583ஆம் ஆண்டில் சங்கமத்தின் அருகே பெருங்கோட்டை யொன்றை எழுப்பி நகருக்கு இலாகாபாசு எனப் பெயரிட்டான். அதுவே பின்னர் அலகாபாத்து ஆயிற்று. 2018இல் பிரயாகராஜ் என்னும் பெயர் அரசாணையால் மீண்டது. அரசர்கள் இட்ட பெயர் எதுவாயினும், நீராட வந்த யாத்திரிகரின் வாயிற் பிரயாகை என்னும் பெயர் ஒருகாலும் வழக்கொழியவில்லை.

இந்நகரைப் பற்றி எழுதுவோர் பலர் ஹர்ஷனுடைய தானப் பெருவிழாவை முதற் கும்பமேளா எனக் கூறிவிடுகின்றனர். இஃது ஆராய்தற்குரியது. கி. பி. 643 அளவில் நிகழ்ந்த அவ்விழாவை யுவான் சுவாங் என்னும் சீன யாத்திரிகர் நேரிற் கண்டு எழுதினார். முதனாள் புத்தரையும், இரண்டாம் நாள் சூரியனையும், மூன்றாம் நாள் சிவனையும் வழிபட்டபின், 75 நாள்வரை மன்னன் தன் பண்டாரம் முழுவதையும் வாரி வழங்கி, ஈற்றில் தன் தங்கை இராச்சியசிரீயிடம் பழைய ஆடையொன்றை இரந்து பெற்று உடுத்தான் என்பர். ஆயின் அவ்விழா ஐந்தாண்டுக்கு ஒரு முறை நிகழ்ந்தது. கும்பமேளாவோ பன்னீராண்டுக்கு ஒரு முறை வருவது. பழைய ஆவணங்கள் பிரயாகைக்குக் கூறுவது ஆண்டுதோறும் நிகழும் மாக மேளாவையே. கும்பமேளா என்னும் பெயர் இந்நகர்க்குரியதாக ஆவணங்களிற் பெருகுவது 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலாம். நீராடும் வழக்கத்தின் தொன்மை இதனாற் குறைவுபடாது. 2025ஆம் ஆண்டு சனவரி 13 முதல் பெப்ரவரி 26 வரை நிகழ்ந்த மேளாவிற் கூடிய மக்கட்பெருக்கை உலகம் அறியும். 1954இலும் 2025இலும் நெரிசலிற் சிக்கி மாண்டோரும் பலர்.

வரலாறு பயில்வோர்க்குப் பிரயாகையின் பெருஞ்செல்வம் அக்பர் கோட்டையினுள் நிற்கும் ஏறத்தாழ 35 அடி உயரமான கற்றூணாகும். கோட்டையின் பெரும்பகுதி இராணுவத்தின் வசம் இருத்தலால் அதனைப் பொதுமக்கள் எளிதில் அணுக முடியாது. யாமும் படகிலிருந்து மதிலை அண்ணாந்து நோக்கியதோடு அமைந்தோம். எனினும் 1888இல் பிளீட் என்பார் வெளியிட்ட குப்தர் சாசனத் தொகுதியைக் கையிற் கொண்டவனுக்கு மதில் ஒரு தடையன்று.

இத்தூணில் முதலில் எழுதியவன் அசோகன். அவனுடைய ஆணையொன்று கௌசாம்பியிலிருந்த மகாமாத்திரர்களை விளித்துத் தொடங்குதலின், தூண் ஆதியில் அங்கேயே நின்று பின்னர்ப் பிரயாகைக்குக் கொணரப்பட்டது என்பது அறிஞர் துணிபு. கௌசாம்பியாவது பெருங்கதை பயின்றோர் நன்கறிந்த உதயணனின் தலைநகர். அசோகன் எழுத்துக்களின் அயலிலே சமுத்திரகுப்தனின் மெய்க்கீர்த்தி பொறிக்கப்பட்டது. 1575இல் அக்பரின் அவைக்கண் இருந்த பீர்பல் தன் தீர்த்த யாத்திரையைச் சிறு வாசகமாகப் பொறித்துச் சென்றான். 1605இல் ஜகாங்கீர் தன் குலமுறையைப் பாரசீக எழுத்தில் வெட்டுவித்தபோது அசோகன் ஆணைகளின் சில வரிகள் அழிந்துபோயின. பின் வீழ்ந்து கிடந்த தூணை ஆங்கிலேயர் 1838இல் மீண்டும் நிறுத்தினர்.

சமுத்திரகுப்தனின் மெய்க்கீர்த்தியை யாத்தவன் அவன் அமைச்சனாகிய அரிசேனன். மன்னன் புகழ் சிவனது சடைச் சிறையினின்று விடுபட்டுப் பாயும் கங்கைபோல மூவுலகையும் தூய்மை செய்கின்றது என்பது அவன் கூறும் உவமை. தென்றிசையில் வென்று பிடித்து விடுவித்த மன்னருள் காஞ்சி விட்டுணுகோபனை எண்ணுகின்றான். சோழ பாண்டியரைக் கூறவில்லை. பின்னர்ச் சிங்களரும் ஏனைத் தீவினர் யாவரும் தம்மையே ஒப்புவித்தும், கன்னியரை அளித்தும், தத்தம் நாட்டை ஆளக் கருட முத்திரை பெற்ற ஆணை வேண்டியும் பணி செய்தனர் என்கின்றான்.

இதனைப் படித்து, இலங்கை குப்தப் பேரரசின் அடிப்பட்டிருந்தது எனக் கொள்ளலாமோ? சீன நூலொன்று கூறும் செய்தி வேறு. இலங்கையிலிருந்து புத்தகயைக்குச் சென்ற பிக்குகள் இருவர் தங்குமிடமின்றி வருந்தித் திரும்பி முறையிட, மேகவண்ணன் என்னும் இலங்கை வேந்தன் சமுத்திரகுப்தனுக்கு மணிகளைக் கையுறையாக அனுப்பி, அங்கே விகாரம் கட்ட இசைவு பெற்றான் என்பது அது. தூணிலே அடிமைத்திறமாகக் காண்பது யாத்திரிகர்க்கு ஒரு மடம் வேண்டிச் சென்ற தூதேயாதல் கூடும். பிக்குகளின் இடர் எத்தகைத்து என்பதை மேளாக் காலத்திற் பிரயாகையில் தங்க இடந்தேடி அலைந்தோர் அறிவர். கல்லிற் பொறித்தது ஆதலின் மெய்யே என்போர்க்கு மாணவர் இவ்விரு சான்றையும் அருகருகே வைத்துக் காட்டுவாராக.

தெற்கிலிருந்தும் இவ்வாறே ஒரு குரல் எழுந்தது. சிலப்பதிகாரத்து வஞ்சிக் காண்டத்திலே சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குப் படிமம் சமைக்க இமயத்திற் கல்லெடுத்து, கனகன் விசயன் என்னும் வடவேந்தர் முடியிலேற்றிக் கங்கையில் நீராட்டிக் கொணர்கின்றான். நீர்ப்படைக் காதை என்னும் பெயரே அந்நீராட்டைக் குறிப்பது. ஆங்கே வடவர் சுமைகாரர். அரிசேனனிடத்துத் தென்னவர் திறை தருவோர். கனகவிசயரை வடநாட்டுச் சாசனம் எதிலும் இதுகாறும் காணோம். ஈழத்து வேந்தன் நிலையோ இவ்விரு நூலிலும் முற்றும் வேறு. இளங்கோவின் கயவாகு விழாவிற்கு வந்த விருந்தினன். தன் நாட்டிலும் எழுந்தருளுமாறு தேவியை வேண்டி நின்று கோயிலமைத்தவன். கஜபாகுவின் வரலாற்றைக் கூறும் மகாவம்சம் இதுபற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவன் பத்தினியின் சிலம்பைக் கொணர்ந்தான் என்பது மிகப் பிற்பட்ட இராசாவலியவில் வருகின்றது.

இவ்வினா எம்மூரார்க்குப் புறம்பானதன்று. நந்திக்கடற் கரையிலுள்ள வற்றாப்பளையில் வீற்றிருப்பவள் அக்கண்ணகியே. மதுரையை எரித்தபின் ஈழம் புகுந்து பல இடத்துத் தங்கிப் பத்தாவதாக இங்கு அமர்ந்தாள் என்றும், பத்தாப்பளையே வற்றாப்பளை ஆயிற்றென்றும் முதியோர் கூறுவர். சொல்லாராய்ச்சியார் இதனை ஏற்பாரோ மறுப்பாரோ, ஊரார் நம்பிக்கை அதுவே. கங்கை நீராடிய கல்லொன்று இங்கு வந்ததாக எவரும் சொல்வதில்லை. அரசன் மெய்க்கீர்த்தி தாங்கிய தூணும் இல்லை. வைகாசிப் பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னர்ச் சிலாவத்தைத் தீர்த்தக்கரையிற் கடல் நீர் முகந்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் ஆலயத்தில் அந்நீரிலே விளக்கேற்றி, பொங்கலன்று வற்றாப்பளைக்கு எடுத்து வருவர். 2009ஆம் ஆண்டுப் போரின் ஈற்று நாள்கள் இந்நந்திக்கடலின் அயலிலேயே கழிந்தன. ஊர் பெயர்ந்து மீண்டவர் முதலில் தேடிச் சென்றவற்றுள் அத்தீர்த்தக்கரையும் ஒன்று.