ஹைதர் அலியின் தோட்டமும் நகர மக்களின் உடல்நலமும்

மோகனூரைத் தழுவி ஓடும் காவிரி, அங்கு வருமுன் ஸ்ரீரங்கப்பட்டினத் தீவைச் சூழ்ந்து வருகிறது. திப்பு சுல்தான் 1784இல் எழுப்பிய தரியா தவ்லத் மாளிகைத் தோட்டமும், தந்தையும் மகனும் அடங்கியுள்ள லால்பாக்கும் அத்தீவில் உள்ளன. 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் கைமாறும்வரை சேலம், நாமக்கல் பகுதிகள் மைசூர் ஆட்சியில் இருந்தவையே. எனவே, அவ்வரசின் தோட்டக்கலை நம் வட்டார வரலாற்றுக்கு அயலானதன்று.

ஹைதர் அலி 1760இல் பெங்களூரில் ஏறத்தாழ 40 ஏக்கரில் மற்றொரு லால்பாக்கைத் தொடங்கினார். திப்பு அயல்நாடுகளிலிருந்து விதைகளையும் செடிகளையும் தருவித்து அதனை வளப்படுத்தினார். 1799இல் அரசு வீழ்ந்தது, தோட்டம் வீழவில்லை. 1856இல் அரசுத் தாவரவியல் பூங்காவாகி, இன்று 240 ஏக்கரில் அந்நகருக்கு நிழல் தருகிறது.

இதனோடு சென்னையை ஒப்பிடுவோம். ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் 1859-60ஆம் ஆண்டுகளில், நெருக்கடி மிகுந்த நகரவாசிகளுக்காக நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் மக்கள் பூங்காவை உருவாக்கினார். 1900இல் மூர் மார்க்கெட், 1913இல் ரிப்பன் மாளிகை, பின்னர் விளையாட்டரங்கம் என அந்நிலம் சுருங்கிற்று. மன்னர் தமக்கென அமைத்தது மக்களுக்கு நிலைத்தது. மக்களுக்கென்றே அமைந்தது கரைந்தது. சந்தை, மாநகராட்சி, விளையாட்டு எல்லாம் பொதுநலனே. ஆயினும், பூங்காவும் ஒரு பொதுநலன் என எண்ணாமல் அதை வெற்றிடமாகக் கருதியதே பிழை.

பசுமை வெறும் அழகன்று என்பதை மருத்துவமும் உரைக்கிறது. 1984இல் ரோஜர் உல்ரிக் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேருள், சாளரத்தின் வழியே மரங்களைக் கண்டோர் செங்கற் சுவரைக் கண்டோரைவிட விரைவில் வீடு திரும்பினர். கடும் வலிநீக்கிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. டமாஸ்கஸில் 1154இல் நூருத்தீன் ஸங்கி நிறுவிய மருத்துவமனையின் நடுமுற்றத்தில் நீர்த்தடாகம் அமைந்திருப்பதை இங்கு நினைவுகூரலாம்.

நாமக்கல் 2024இல் மாநகராட்சியாகிவிட்டது. வாழையும் கரும்பும் சூழ்ந்த மோகனூரில் இன்று பூங்காவின் தேவை எவர்க்கும் தோன்றாது. ஆனால், தோப்புகள் மனைகளான பின் அதற்கு இடம் தேடுவது அரிது. மரம் நடுவதைத் தர்மமெனக் கற்ற நாம், அம்மரம் நிற்கும் நிலத்தைக் காப்பதையும் அத்தர்மத்தின் பகுதியாகவே கொள்ளல் வேண்டும்.