நாள் தவறாத எழுத்து

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையில் உள்ள கெடார் முதலிய கிராமங்களில், அச்சுப் புத்தகமும் சர்க்கார் பள்ளியும் பரவுவதற்கு முன்னர், எழுத்துப் பயிற்சி என்பது திண்ணைப் பள்ளிக்கூடத்து மணலில் விரலால் தொடங்கி, பனையோலையில் எழுத்தாணியால் முதிர்ந்து, பெரும்பாலோர்க்குக் கணக்கும் கடிதமும் எழுதும் அளவோடு நின்றுவிடுவதாக இருந்தது. ஓலையை இடக்கையில் ஏந்தி, அக்கையின் கட்டைவிரல் நகத்தில் வெட்டிய பள்ளத்தில் எழுத்தாணியைத் தாங்கி, கையை ஓட்டாமல் ஓலையையே நகர்த்தி எழுதும் அந்த வித்தை எளிதில் கைவருவதன்று. கீறிய எழுத்தின்மேல் மசி தடவித் துடைத்தாலன்றி அது தெளிவாகப் புலப்படாது. ஓலை பொத்துவிடுமென்று அஞ்சி மெய்யெழுத்துக்குப் புள்ளியும் வையார். இத்தனை சிரமத்தோடு எழுதியவர்கள் வீண் வார்த்தை எழுதியிருக்கமாட்டார்கள் என்று நினைக்கத் தோன்றும். ஏடுகளைப் புரட்டினால் அவ்வளவு நிச்சயமாகச் சொல்வதற்கில்லை.

எழுத்தாளனாவதற்கு வழி என்ன என்று இப்பகுதி இளைஞர் ஒருவர் கேட்பாராயின், மகாகாவிய கர்த்தாக்களைக் காட்டி அவரை மலைக்கச் செய்வதைவிட, கிழக்கே புதுச்சேரியில் வாழ்ந்த ஒரு வியாபாரியைக் காட்டுவதே உசிதம் என்பேன். 1709இல் பிறந்து, பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளேயின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக உயர்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 செப்டம்பரில் தொடங்கி 1761 ஜனவரியில் தம் வாழ்நாள் முடியும்வரை, ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகள் தினசரிக் குறிப்பு எழுதிவந்தார். துறைமுகத்துக்கு வந்த கப்பல், துணி வியாபாரத்தில் எழுந்த தகராறு, கவர்னரோடு நேர்ந்த சம்பாஷணை, அவர் மனைவியின்மேல் தமக்கிருந்த கசப்பு, 1748இல் வேதபுரீசுவரர் கோயிலை இடித்த கொடுமை, 1750இல் கெடாருக்கு வடக்கேயுள்ள செஞ்சிக் கோட்டை பிரெஞ்சுக்காரர் வசமானது ஆகிய யாவும், பெரிது சிறிது என்ற பேதமின்றி, தமிழ் வருஷம், மாதம், கிழமை குறித்து அதில் இடம்பெற்றன. பண்டிதர் பார்த்தால் முகம் சுளிக்கத்தக்க நடை அது. பேச்சுத் தமிழும், பாரசீகச் சொல்லும், பறங்கிச் சொல்லும் கலந்து ஓடுவது. ஆயினும் ஒருவர் சொன்னதை அவர் சொன்ன வாக்கிலேயே பதிய வேண்டுமென்ற கவனம் அதில் இருக்கிறது. இருநூற்றாண்டு கழித்தும் அம்மனிதர்களின் குரல் நம் செவியில் விழுவதற்கு அதுவே காரணம்.

பிள்ளையின் ஆதரவை நாடிய புலவர்கள் தம் பங்குக்குப் பாடாமலில்லை. தியாகராச தேசிகர் ‘ஆனந்தரங்கன் கோவை’ இயற்றினார். ஸ்ரீநிவாச கவி சம்ஸ்கிருதத்தில் சம்பு காவியம் செய்தார். இலக்கணத்தில் பழுதற்ற அப்பிரபந்தங்களை இன்று ஆராய்ச்சியாளர் அன்றி எவரும் தேடிப் படிப்பதாகத் தெரியவில்லை. புகழுக்காக எழுதியவை பரணேற, கணக்குப் புத்தகத்தை ஒத்த குறிப்பு நிலைத்துவிட்டது.

நிலைத்தது என்றாலும் உடனே வெளிச்சத்துக்கு வந்துவிடவில்லை. 1846இல் கலுவா மோம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அதைக் கண்டறிந்து பிரதி செய்வித்தார். 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பு வெளியாயிற்று. புதுவையில் நாட்குறிப்பு எழுதும் வழக்கம் பிள்ளையோடு மறைந்துபோகவுமில்லை. இரண்டாம் வீரா நாயக்கர் என்பவர் 1778 முதல் 1792 வரை எழுதிய நாட்குறிப்பும் நமக்குக் கிடைத்திருக்கிறது. புதுவையிலேயே பிறந்த பிரபஞ்சன், பிள்ளை வாழ்ந்த காலத்தைக் களமாகக் கொண்டு ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என்ற நாவல்களை எழுதினார். பின்னதற்கு 1995இல் சாகித்திய அகாதெமிப் பரிசு கிடைத்தது.