திருக்குறளில் விலங்கறிவும் அறத்தின் ஊற்றும்: காக்கையும் கவரிமாவும்

மனிதனின் அறவுணர்வு கூட்டமாக வாழும் விலங்குகளின் இயல்புணர்ச்சியிலிருந்து வளர்ந்தது என்னும் கருத்தைச் சார்லசு டார்வின் 1871இல் வெளியிட்ட மனிதத் தோற்றம் பற்றிய நூலில் விரிவாக முன்வைத்தார். பண்டைத் தமிழர் இயற்கையை நோக்கியே அறத்தைக் கற்றனர் என்பதும் தமிழாய்வில் பலகாலமாக வழங்கிவரும் கூற்றாகும். இதற்குச் சான்றாகப் பெரிதும் காட்டப்படுவது, இரையை மறைக்காமல் இனத்தைக் கரைந்தழைத்து உண்ணும் காக்கையைப் பற்றிய குறள் (527). இச்சான்று அக்கூற்றைத் தாங்குமா என்பது ஆராயத்தக்கது.

அக்குறள் ஈகை அதிகாரத்தில் இல்லை, ஒப்புரவறிதலிலும் இல்லை. பொருட்பாலில், சுற்றந்தழால் என்னும் 53ஆம் அதிகாரத்தில் அமைந்துள்ளது. அது பேசுவது ஆக்கம். அதாவது, காக்கை போன்ற இயல்புடையார்க்கே செல்வம் உளதாகும் என்பது. உறவைத் தழுவி வாழ்பவன் பெறும் பயனே அங்குக் கருதப்படுகிறது. பள்ளிப் பாடங்களில் இக்குறள் கொடைக்கு எடுத்துக்காட்டாக நிற்பது, அதிகார வைப்பைப் புறக்கணித்த வாசிப்பின் விளைவு எனலாம். பெர்ன்ட் ஐன்ரிச் அமெரிக்காவின் மெயின் மாநிலக் காடுகளில் அண்டங்காக்கைகளை ஆராய்ந்து 1989இல் வெளியிட்ட நூல் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. இறந்த விலங்கைக் கண்ட இளம்பறவைகள் பிறவற்றைக் கூட்டுவது, அவ்விடத்தை ஆளும் முதிர்ந்த இணையின் எதிர்ப்பைக் கடந்து தாமும் உண்பதற்கே என அவர் விளக்கினார். அது வேறோர் இனம், வேறொரு நிலம். எனினும் அழைத்துண்ணும் பறவையின் செயலில் பயனைக் கண்ட வள்ளுவரின் பார்வை, பிற்கால அறவுரையாளர் பார்வையினும் கூரியது.

கைம்மாறு கருதாத கொடைக்கு வள்ளுவர் எதனை நாடினார்? ஒப்புரவறிதலில் மழையும் (211), நீர் நிறைந்த ஊருணியும் (215), ஊர் நடுவே பழுத்த மரமும் (216), மருந்தாகப் பயன்படும் மரமும் (217) வருகின்றன. விலங்கோ பறவையோ ஒன்றும் இல்லை. புலால் மறுத்தல், கொல்லாமை ஆகிய அதிகாரங்களிலும் எவ்விலங்கின் நடத்தையும் முன்மாதிரியாகக் காட்டப்படவில்லை. அன்புடைமையில் வரும் எலும்பில்லாத உயிரோ (77) வெயிலில் காய்ந்து வருந்துவது. அறம் அங்கு வெயிலின் இடத்தில் நிற்கிறது. பகலில் கூகையை வெல்லும் காக்கை (481), காலம் பார்த்திருக்கும் கொக்கு (490), நீரில் வலிய முதலை (495), சேற்றில் கால் அழுந்திய களிற்றைக் கொல்லும் நரி (500) ஆகியன யாவும் காலமும் இடமும் அறிந்து வெல்லும் அரசியல் அறிவுக்கு உரியவை. வயலிலும் குளக்கரையிலும் கண்ட உயிர்கள் வள்ளுவருக்குப் பெரும்பாலும் சூழ்ச்சியைக் கற்பித்தன.

இதற்கு மாறாகத் தோன்றுவது அம்பு தைத்தும் தன் பெருமையை நிலைநிறுத்தும் களிறு (597). ஆயினும் போர்க்களத்து யானை மனிதன் பழக்கிய விலங்கு. பயனை முற்றும் விட்டு, மயிர் நீங்கின் உயிர்வாழாது என்று மானத்திற்குச் சான்றாக நிற்பது கவரிமாவே (969). அது தமிழ்நிலத்தார் நாள்தோறும் கண்ட விலங்கன்று. புறநானூறு 132ஆம் பாடல் கவரியை இமயத்தில் நரந்தம்புல் மேய்வதாகவே காட்டுகிறது. விலங்கு எனப் பொருள்படும் ‘மா’ பிற்காலத்தில் ‘மான்’ எனக் கொள்ளப்பட்டு, இல்லாத கவரிமான் ஒன்று தமிழ் வழக்கில் உலவுவதும் இத்தொலைவின் விளைவே. இமயப் பகுதியில் கவரியை வளர்ப்போர் அதன் மயிரைக் கத்தரித்துக் கயிறும் கூடாரத் துணியும் செய்கின்றனர். மயிர் இழந்த விலங்கு மீண்டும் மேயச் செல்கிறது. அவ்விலங்கோடு வாழ்ந்தோரிடம் இவ்வுவமை பிறந்திருக்க வாய்ப்பில்லை.