28 ரூபாய் விசிடியும் 39,990 ரூபாய் பிளேஸ்டேஷனும்

2007-ல் ரெண்டு கம்பெனிகள் டிஸ்க்கை நம்பிப் பெரிய பந்தயம் கட்டின. ஒண்ணு ஜப்பான் சோனி. இன்னொண்ணு நம்ம நொய்டா மோசர்பேர்.

முதல்ல சோனி. 2006 நவம்பரில் அமெரிக்காவில் இறங்கிய 60 ஜிபி பிஎஸ்3-யின் விலை 599 டாலர். அதைப் பிரிச்சு மேஞ்சு கணக்குப் போட்ட ஐசப்ளை நிறுவனம், செய்கூலி சேதாரம் எல்லாம் சேர்த்து அடக்கவிலையே 840 டாலர்னு சொல்லிச்சு. பொட்டிக்கு 240 டாலர் நஷ்டம்! பொட்டியில விட்டதை, விற்கிற ஒவ்வொரு கேமிலும் ராயல்டியாப் பிடிக்கிறது கன்சோல்காரங்களோட பழைய கணக்குதான் (பிரின்டரை மலிவா கொடுத்துட்டு இங்க்குல தாளிக்கிறாங்களே, அதே). ஆனா இந்தத் தடவை உள்ளே ப்ளூ-ரே டிரைவும் இருந்தது. கேம் ஆட வாங்கினவன் வீட்டுக்குள்ளயும் ப்ளூ-ரே நுழைஞ்சிடுச்சு. மைக்ரோசாஃப்டோ எக்ஸ்பாக்ஸ் 360-க்கு ஹெச்டி டிவிடி டிரைவைத் தனியா 199 டாலருக்கு வித்தது. எத்தனை பேர் வாங்குவான்? 2008 ஜனவரியில் வார்னர் ப்ளூ-ரே பக்கம் சாய்ந்தது. பிப்ரவரி 19-ல் தோஷிபா ஹெச்டி டிவிடிக்கு மூடுவிழா நடத்தியது.

இந்தக் கணக்கு நம்மூர்ல உதைக்கும். பிஎஸ்2 காலத்திலேயே சிப் வெச்சு, காப்பி டிஸ்க் போட்டு ஆடுறது இங்கே சகஜம். பொட்டிக்கு மட்டும் காசு, கேமுக்குக் கிடையாதுன்னா ராயல்டி எங்கேர்ந்து வரும்? 2009-ல் ஹைதராபாத்தில் செஞ்ச 'ஹனுமான்: பாய் வாரியர்' கேமை பிஎஸ்2-க்கு 499 ரூபாய்னு இறக்கிப் பார்த்தது சோனி. 2007 ஏப்ரலில் பிஎஸ்3 இந்தியாவுக்கு வந்தப்போ விலை 39,990. அந்தக் காசுக்கு மோசர்பேர் விசிடி 1,428 வாங்கலாம்!

ஆமா, மோசர்பேர். ஃப்ளாப்பி தயாரிச்சு, அப்புறம் வெற்று சிடி தயாரிப்பில் உலகப் பெருங்கைகளில் ஒண்ணா வளர்ந்த கம்பெனி. 2007-ல் படங்களோட உரிமையை மொத்தமா வாங்கி, விசிடி 28, டிவிடி 34 ரூபாய்னு விலை வெச்சாங்க. அதுவரைக்கும் ஒரிஜினல் விசிடின்னா நூறைத் தாண்டும். டிஸ்க்கை அழுத்துறது சொந்த ஃபேக்டரி. ஒரு டிஸ்க்குல சில்லறை லாபம்தான், லட்சக்கணக்குல போனாத்தான் கட்டுப்படி ஆகும். திருட்டு விசிடியை ஒழிக்க 2004-ல் தமிழ்நாட்டுல குண்டர் சட்டத்தையே நீட்டினாங்க. என் கட்சி என்னன்னா, அதைவிட இந்த 28 ரூபாய் உருப்படியான வேலை செஞ்சது. காட்டுப்பாக்கத்துல எங்க தெருவில் ஒரிஜினல் கவரோட டிஸ்க் அடுக்கிவெச்ச வீடுகளை நான் முதன்முதலா பார்த்தது அப்பத்தான். மளிகைக் கடையிலயே தொங்கும்.

ஜெயிச்ச ப்ளூ-ரே அந்த வீடுகளுக்குக் கடைசிவரை வரவே இல்லை. பென் டிரைவும் பிராட்பேண்டும் முந்திக்கிச்சு. டிஸ்க் படுத்ததோட சோலார்ல போட்ட கடனும் கழுத்தை நெரிக்க, 2017-ல் மோசர்பேர் திவால் நடவடிக்கைக்குப் போச்சு. 2018-ல் கலைக்கச் சொல்லி உத்தரவு.

2021 பிப்ரவரியில் பிஎஸ்5 இங்கே வந்தப்போ டிஸ்க் போடுற மாடல் 49,990, டிஸ்க் இல்லாதது 39,990. ஒரு ஓட்டைக்குப் பத்தாயிரமான்னு கேட்ட பசங்க உண்டு. என்னைக் கேட்டா கொடுக்கலாம். டிஸ்க்னா ஆடி முடிச்சதும் பாதி விலைக்காவது தள்ளிவிடலாம். டவுன்லோடை யார் தலையில கட்டுறது?