குதிரைகள் ஏன் இறந்தன? மாபாரின் லாயங்கள் குறித்து ஒரு மறுவாசிப்பு

யானை, தேர், குதிரை, காலாள் என்ற நாற்படை வரிசையைப் பாடப்புத்தகங்களிலும் மேடைகளிலும் ஆண்டு மலர்களிலும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தக் குதிரைகள் என்ன தின்றன, நோயுற்றபோது யார் பார்த்தார்கள், அவற்றுக்கான பணம் யாரிடமிருந்து வந்தது என்ற கேள்விகளை எமது பெருமித வரலாறு எழுப்பியதில்லை. எழுப்பினால் கிடைக்கும் விடை அவ்வளவு உவப்பானதல்ல என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

1292 அளவில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அராபியரின் வழக்கைப் பின்பற்றி அந்நாட்டை மாபார் என்கிறார். அங்கு அரசாண்ட ஐந்து சகோதரர்களும் ஆளுக்கு இரண்டாயிரத்துக்குக் குறையாத குதிரைகளை வருடந்தோறும் வாங்கினர் என்றும், வருட முடிவில் அவற்றில் நூறுகூட எஞ்சுவதில்லை என்றும் எழுதுகிறார். அவர் சொல்லும் காரணம் இரண்டு. அந்நாட்டவருக்குக் குதிரை பராமரிக்கத் தெரியாது. சோற்றையும் இறைச்சியையும் அவித்துக் கொடுக்கிறார்கள். அடுத்தது, அங்கே குதிரைப் பரிகாரிகள் இல்லை.

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய இதையே வேறு விதமாகச் சொல்கிறார். வறுத்த பார்லியையும் நெய்யிட்ட தானியத்தையும் தின்னக் கொடுத்து, காய்ச்சிய பசும்பாலைப் பருக்கி, நாற்பது நாள் முளையடித்துக் கயிற்றில் கட்டி வைக்கிறார்களாம். கொழுத்த பின்னர் எந்தப் பயிற்சியும் இல்லாமல், அங்கவடியும் இல்லாமல், பேய்கள் போல ஏறி ஓட்டுகிறார்களாம். மிக விரைவான குதிரையும் சில நாட்களில் சோர்ந்து பயனற்றுப் போகிறது என்பது அவர் முடிவு.

இக்குறிப்புகளை இதுவரை இரண்டு வகையாகவே வாசித்திருக்கிறார்கள். ஐரோப்பியக் கீழைத்தேய ஆய்வாளருக்கு இவை இந்தியரின் அறியாமைக்குச் சான்று. எமது தேசியப் பெருமித எழுத்தாளருக்கு இவை மௌனமாகக் கடந்து செல்ல வேண்டிய பக்கங்கள். இரு சாராரும் ஒரே தவறைச் செய்கிறார்கள். 'தமிழர்' என்ற ஒற்றை ஆளைக் கற்பனை செய்துகொண்டு, அவருக்குக் குதிரை தெரியுமா தெரியாதா என்று கேட்கிறார்கள். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: குதிரை இறப்பதால் நட்டப்பட்டவர் யார், லாபமடைந்தவர் யார்?

முதலில் குதிரையின் உடலைப் பார்ப்போம். மாட்டைப் போல அசைபோடும் பிராணியல்ல குதிரை. அதன் இரைப்பை உடலளவுக்குச் சிறியது. நாள் முழுதும் சிறிது சிறிதாகப் புல் மேய்வதற்கென அமைந்தது. புல்லின் நாரைக் கூர்ப்பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் புளிக்கவைத்துச் செரிமானம் செய்கின்றன. மாவுப்பொருள் மிகுந்த உணவை ஒரேயடியாகக் கொடுத்தால், சிறுகுடலில் செரிக்காத பங்கு பெருங்குடலுக்குப் போய் அமிலமாகிறது. அதன் விளைவு கடும் வயிற்றுச் சூலை அல்லது லாமினைட்டிஸ் எனப்படும் குளம்பழற்சி. குதிரையால் வாந்தியெடுக்கவும் முடியாது. ஆகவே சோற்றுக் கவளமும் நாற்பது நாள் கட்டுத்தறியும் ஒன்றுசேர்ந்தால் எந்த உயர்சாதிக் குதிரையும் நொண்டியாகும் என்பதை இன்றைய கால்நடை மருத்துவரும் ஒப்புக்கொள்வார். இந்த அளவில் அந்தப் பயணிகளின் சாட்சியத்தைத் தள்ளிவிட முடியாது.

ஆனால் அந்தச் சாட்சியத்துக்கு எல்லைகளும் உண்டு. வெப்பமும் ஈரப்பதமும் கூடிய கரையில், வறண்ட நாட்டிலிருந்து வந்த சில குதிரைகளுக்கு வியர்வை சுரப்பதே நின்றுபோகும்; அப்போது உடல் வெப்பம் இறங்க வழியில்லை. உண்ணிகளல்ல, குருதி குடிக்கும் பெரிய ஈக்கள் பரப்பும் சர்ரா என்ற நோயும் உண்டு. அதன் கிருமியைக் கிரிஃபித் எவன்ஸ் கண்டறிந்தது 1880ல்தான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாரசீகப் பரிகாரி ஒருவர் காயலில் இருந்திருந்தாலும் இந்த நோயின் முன் கையைப் பிசைந்துகொண்டுதான் நின்றிருப்பார்.

இன்னொன்றையும் கவனிக்கலாம். இதே மார்க்கோ போலோ, குதிரை ஏற்றுமதித் துறைகளில் ஒன்றான அராபியாவின் ஷிஹ்ரைப் பற்றி எழுதும்போது, அங்கே புல் இல்லாததால் குதிரைகள் உட்பட எல்லாக் கால்நடைகளும் சிறு மீன்களைத் தின்றே வாழ்கின்றன என்கிறார். அங்கு மீன் தின்னும் குதிரை நிலத்துக்கேற்ற வழக்கம். இங்கு இறைச்சி தின்னும் குதிரை அறியாமை. மேலும், 1311ல் மாலிக் கபூரின் படையெடுப்பை விவரிக்கும் அமீர் குஸ்ரௌ, மாபாரிலிருந்து கொண்டுபோன குதிரைகள் ஐயாயிரம் என்கிறார். அவரும் எண்ணிக்கையைப் பெருக்கிச் சொல்லக்கூடியவரே. ஆயினும் வருட முடிவில் நூறுகூட எஞ்சாத நாட்டில் அத்தனை குதிரைகள் கிடைத்திருக்குமா என்ற கேள்வி எழாமல் இல்லை.

சரி, பரிகாரிகள் ஏன் இல்லை? இதற்கான விடையை மார்க்கோ போலோவே தருகிறார். ஹோர்முஸ், கீஷ், ஏடன் முதலிய துறைகளின் வணிகர்கள் பரிகாரிகளைத் தம்முடன் அழைத்து வருவதில்லை. வேறெவரும் அங்கே போய்விடாமலும் தடுத்தார்கள். குதிரைகள் சாகவேண்டும் என்பதே அவர்கள் விருப்பம், ஏனெனில் செத்தால்தான் அடுத்த வருடமும் விற்கலாம். அதாவது அறிவு இல்லாமல் போகவில்லை. அது கடலுக்கு அப்பால் நிறுத்தி வைக்கப்பட்டது. பண்டத்தை விற்றுவிட்டு அதைப் பழுதுபார்க்கும் வித்தையைக் கையில் வைத்துக்கொள்வது எமது காலத்துப் பன்னாட்டுக் கம்பனிகளின் கண்டுபிடிப்பல்ல.

ஆனால் வணிகரை மட்டும் குற்றம்சாட்டி முடித்துக்கொண்டால் அதுவும் பாதி உண்மையே. வஸ்ஸாஃப் தரும் கணக்கு இது: வருடத்துக்குப் பத்தாயிரம் குதிரைகள், குதிரையொன்று 220 செம்பொன் தினார், மொத்தம் 22 இலட்சம் தினார். மார்க்கோ போலோவின் ஐந்து சகோதரரையும் இரண்டாயிரத்தையும் பெருக்கினாலும் அதே பத்தாயிரம்தான் வருகிறது. வணிகர் வாயில் புழங்கிய ஒரு முழு எண்ணாக அது இருக்கலாம். கடலில் இறந்துபோகும் குதிரைக்கும் பாண்டியர் விலை கொடுக்க வேண்டும் என்பது உடன்பாடு. கீஷ் தீவிலிருந்து குதிரை அனுப்பிய பெருவணிகர் ஜமாலுத்தீனின் சகோதரர் தக்கியுத்தீன் அப்துர் ரஹ்மான், காயல் உள்ளிட்ட துறைமுகங்களை மேற்பார்த்த பாண்டிய அமைச்சர்! விற்பவரும் வாங்குபவரின் அமைச்சரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். இவ்வளவு நட்டத்தை ஓர் அரசு ஏன் பொறுத்துக்கொண்டது?

அதற்கும் வஸ்ஸாஃபின் ஒரு வரியில் விடை இருக்கிறது. அந்தப் பணம் அரச கருவூலத்திலிருந்து போகவில்லை. கோயில் நிலங்களின் உபரி வருவாயிலிருந்தும், கோயிலைச் சார்ந்த கணிகையர்மீது விதிக்கப்பட்ட வரியிலிருந்தும் போனது. தேவதானத்தில் உழுதவனும், கோயில் பெண்களும் குதிரைக்கு விலை கொடுத்தார்கள், அரசன் ஏறினான். தன் பையிலிருந்து போகாத பணத்தில் வாங்கிய குதிரையைக் காப்பாற்றும் அவசரம் எந்த அதிகாரத்துக்கும் வருவதில்லை. மாபாரின் லாயங்களில் குதிரைகள் இறந்ததற்கு அவித்த சோறு எவ்வளவு காரணமோ அவ்வளவுக்கு இந்த நிதியமைப்பும் காரணம் என்பதே என் வாதம்.

இந்த இடத்தில் மாணிக்கவாசகர் கதையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. குதிரை வாங்கப் போன அமைச்சர் அரசபணத்தைப் பெருந்துறையில் கோயிற்பணிக்குச் செலவிட்டுவிடுகிறார். இறைவன் நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டுவந்து ஒப்படைக்கிறான். இரவில் அவை மீண்டும் நரிகளாகி, லாயத்தில் முன்பிருந்த குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடுகின்றன. நரி பரியான செய்தி திருவாசகத்திலேயே இருப்பதால் இக்கதை காயல் வணிகத்துக்கு முற்பட்டது. பெரும்பணம் கொடுத்து வாங்கிய குதிரை விடியுமுன் ஒன்றுமில்லாமல் போகும் அனுபவம் எமது சமூகத்துக்குப் பழையது போலும். கதையில் குதிரைப் பணம் கோயிலாகிறது. வஸ்ஸாஃபின் கணக்கிலோ கோயிற் பணம் குதிரையாகிறது. பக்தி இலக்கியம் கண்ட கனவுக்கும் பொருளாதாரம் நடந்த வழிக்கும் இடையிலான தூரம் இதுதான்.

அப்படியானால் பராமரிக்கும் அறிவு இம்மண்ணில் எங்குமே இருக்கவில்லையா? சாலிஹோத்ரர் பெயராலும் நகுலன் பெயராலும் வழங்கும் வடமொழி அசுவ சாத்திரங்கள் உண்டு. அவற்றுள் நகுலனின் நூலைத் தஞ்சை சரசுவதி மகால் 1952ல் படங்களோடு பதிப்பித்தது. ஆனால் அந்தச் சுவடியை வாசிக்கும் உரிமை பெற்றவர் லாயத்துச் சாணத்தை அள்ளியிருக்க மாட்டார். அள்ளியவருக்கு அந்த எழுத்துத் தெரிந்திருக்காது. அறிவையும் உழைப்பையும் சாதி பிரித்து வைத்த சமூகத்தில், குதிரையின் குளம்பு சூடாக இருப்பதை முதலில் கையால் உணர்ந்தவனின் சொல் சுவடியில் ஏறவேயில்லை.

அவ்வுழைப்பின் ஒரு சிறு தடயம் மிகப் பிந்திய காலத்தில் கிடைக்கிறது. 1886ல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, ஒவ்வொரு குதிரைக்கும் குதிரைக்காரனோடு புல் சேகரிக்கவும் ஓர் ஆள் உண்டு என்று குறிப்பிடுகிறது. வடக்கில் அந்த ஆள் ஆண். தெற்கில் குதிரைக்காரனின் மனைவி. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நானூறு கிலோ எடையுள்ள குதிரைக்கு அதன் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு, அதாவது எட்டுக் கிலோ, உலர்ந்த புல் நாளொன்றுக்கு வேண்டும். பச்சைப் புல்லாக வெட்டினால் அதைப்போலப் பல மடங்கு சுமை. நெல்லுக்கு ஒதுக்கிய நிலத்தில் மேய்ச்சல் இல்லை. வரப்பிலும் குளக்கரையிலும் அறுகை வேரோடு செதுக்கி, மண் உதறி, தலையில் சுமந்து வரவேண்டும். கொள்ளை ஊறவைத்து அவிக்கவும் ஆள் வேண்டும். குதிரைப்படை என்ற சொல்லுக்குப் பின்னால் இப்படியொரு பெண்படை நடந்திருக்கிறது. அவர்களுக்கு மெய்க்கீர்த்தி இல்லை.

தமிழ் நிலத்தின் காற்றும் புல்லுமே குதிரைக்கு ஆகாது என்ற கூற்றுக்கு நெடுந்தீவு ஒரு பதில். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வளர்த்த குதிரைகளின் வழிவந்தவை இன்றும் அங்கே கட்டவிழ்ந்து மேய்கின்றன. லாயத்தின் தூண்கள் இடிந்து கிடக்கின்றன, குதிரைகள் இருக்கின்றன. உருவில் சிறியவை. மார்க்கோ போலோ பார்த்தால் கோணற்கால் மட்டக்குதிரை என்று இகழ்ந்திருப்பார். ஆனால் சோறும் நெய்யும் இறைச்சியும் இல்லாமல், நாள் முழுதும் நடந்து மேய்ந்து, தலைமுறை தலைமுறையாகத் தப்பியிருக்கின்றன. கோடை கடுமையாகும் வருடங்களில் குடிக்க நன்னீரின்றி அவை விழுந்து சாகின்றன என்பதையும் சொல்லவேண்டும். குதிரைக்குத் தேவையானவை எளியவை: புல், நீர், உப்பு, நடமாட இடம், குளம்பைப் பார்க்க ஒரு கண். இவற்றைத் தொடர்ந்து கொடுப்பதுதான் கடினம்.

வாங்குவது ஒரு நாள் வேலை. அதைக் கல்வெட்டிலும் பரணியிலும் பாடலாம். பராமரிப்பது ஒவ்வொரு நாள் வேலை. அதை யாரும் பாடுவதில்லை. வாங்கியதை மட்டும் எண்ணுகிற வரலாறு, இறந்ததை எண்ணுவதில்லை. எவரிடமிருந்து பறித்த பணம் என்பதையும் கேட்பதில்லை. படையின் எண்ணிக்கையில் மயங்கும் பழக்கம் எம்மை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை 2009க்குப் பின் எமக்கு எவரும் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

எமது கிராமங்களில் ஐயனாருக்கு மண்குதிரை செய்து வைக்கிறோம். அது தின்பதில்லை, நொண்டுவதில்லை, அதற்குப் புல் செதுக்க யாரும் வேண்டியதில்லை. எமது வரலாற்று நூல்களில் ஓடும் குதிரைகளும் பெரும்பாலும் அத்தகையவையே. அவற்றுக்குப் பசியைத் திருப்பிக் கொடுப்பதிலிருந்து வேறொரு வரலாறு தொடங்கலாம். இது குறித்து மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுதவேண்டும்.