கல்கத்தாவில் அகன்ற வாசல்

உயர்கல்வியின் வாசல் அகலமானால் கல்வியின் தரம் குன்றிவிடுமா? இன்றும் ஓயாத இந்த வழக்கு, கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் ஒரு தலைமுறைக் காலம் மிகக் கடுமையாக நடந்தது. தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நமக்கு அந்த வரலாற்றில் சிறிது உறவும் உண்டு.

1857-ஆம் ஆண்டில் தோன்றிய அப்பல்கலைக்கழகம் நெடுங்காலம் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் நிலையமாகவே இருந்தது. கற்பிக்கும் பணி கல்லூரிகளுடையது. 1904-இல் கர்சன் பிரபு கொண்டுவந்த சட்டம் செனெட் சபையைச் சுருக்கி, அதில் அரசாங்க நியமனம் பெற்றவர்களையே பெரும்பான்மையாக்கியது. கல்லூரிகளை இணைத்துக்கொள்ளும் விதிகளையும் இறுக்கியது. தரத்தை உயர்த்தவே இச்சட்டம் என்றார்கள். வாசலை அடைக்கவே என்று வங்கமக்கள் அஞ்சினார்கள். அந்த அச்சம் ஆதாரமற்றதென்று நாம் கருதவில்லை.

1906-இல் துணைவேந்தரானவர் ஆசுதோஷ் முகர்ஜி. கணித மேதை, உயர்நீதிமன்ற நீதிபதி. துணைவேந்தர் பதவிக்கோ ஊதியம் கிடையாது. பல்கலைக்கழகமே கற்பிக்கலாம் என்று அச்சட்டத்தில் ஒரு விதி இருந்தது. கட்டுப்படுத்த வந்த சட்டத்தின் அந்த ஒரு விதியைப் பற்றிக்கொண்டே அவர் மேற்பட்ட வகுப்புகளை வளர்த்தார். 1919-இல் இந்திய மொழிகளிலும் எம். ஏ. படிக்க வழி பிறந்தது. தாய்மொழியைக் கற்று மேற்பட்டம் பெறலாம் என்பது அந்நாளில் சிறு செய்தியன்று.

மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறுவோர் தொகை பெருகவே, பட்டம் மலிந்துவிட்டதென்ற குறை எழுந்தது. வரலாற்றறிஞர் ஜதுநாத் சர்க்காரும் அவ்வாறு கண்டித்தவர்களுள் ஒருவர். அக்குறையை நாம் எளிதில் தள்ளிவிட இயலாது. வங்காளத்தில் சுமார் 26,000 மாணவர் பட்டத்துக்குப் படிக்கின்றனர், இது பிரிட்டனின் தொகைக்கு ஏறக்குறைய நிகர் என்று 1919-இல் ஸாட்லர் கமிஷன் அறிக்கை கணக்கிட்டது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் இலக்கியக் கல்வி பயின்றவர்களே.

ஆயினும் ஆசுதோஷ் வாசலை மட்டும் அகலப்படுத்தவில்லை. தாரகநாத் பாலித், ராஷ்பிஹாரி கோஷ் ஆகியோரின் பெருங்கொடைகளைப் பெற்று 1914-இல் விஞ்ஞானக் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார். ஆசிரியர்களைத் தேடியபோது மாகாண எல்லையை அவர் பார்க்கவில்லை. நிதித்துறையில் உயர்ந்த சம்பளம் பெற்றிருந்த சி. வி. ராமன், குறைந்த சம்பளத்தில் 1917-இல் பாலித் பேராசிரியரானார். அப்பதவிக்கு வெளிநாட்டுப் பயிற்சி வேண்டும் என்பது நிபந்தனை. ராமன் போக மறுத்தார், நிபந்தனைதான் தளர்ந்தது! 1921-இல் திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் மைசூரிலிருந்து தத்துவப் பேராசிரியராக வந்தார். வத்திராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணன் இந்த விஞ்ஞானக் கல்லூரிக்கு மாணவராக வந்ததும் இக்காலத்திலேதான்.

இத்தனைக்கும் பணம் வேண்டுமே! 1921-இல் ஆசுதோஷ் மீண்டும் துணைவேந்தரானபோது பல்கலைக்கழகம் பற்றாக்குறையில் தவித்தது. 1922-இல் வங்க அரசாங்கம் இரண்டரை லட்சம் ரூபாய் தர முன்வந்தது, நிபந்தனைகளுடன். செனெட் சபை அவற்றை ஏற்க மறுத்தது. கையில் காசில்லாத வேளையில் எடுத்த முடிவு அது. அடுத்த ஆண்டு, அரசாங்கத்தை எதிர்ப்பதில்லை என்று உறுதி கூறினால் பதவியை நீட்டிக்கலாம் என்ற கருத்துப்பட வேந்தர் லிட்டன் பிரபு எழுதினார். ஆசுதோஷ் மறுத்து விடையெழுதிப் பதவியை விட்டு விலகினார். 1924 மே 25-இல், ஒரு வழக்கின் பொருட்டுச் சென்றிருந்த பாட்னாவில் காலமானார். அவர் தொடங்கிவைத்த மேற்பட்ட வகுப்புகள் அதன் பின்னரும் நிற்காமல் நடந்தன.